கூட்டிப்போக ஒரு ஆள்

வாம்மா, வா, இந்த மூலையில உக்காரு. அந்த வாசப் பெஞ்சு வேணாம், எதுத்த வீட்டுலேருந்து பாத்தா தெரிஞ்சிடும். இப்பவே பாத்துட்டாங்கன்னா உன்னை அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க, அப்புறம் எனக்கு உன்கிட்ட ஒரு வார்த்தை பேச நேரம் கிடைக்காது. பையைக் கீழ வையி. காப்பி சொல்லிட்டேன். இங்க காப்பி மண்டியோட வரும், கலக்காமக் குடிக்கணும். பஸ்ல வாந்தி கீந்தி வரலையே? பாடாங்லேருந்து வர்ற அந்த மலை ஏத்தத்துல எல்லாருக்கும் வரும். எனக்கு முப்பத்திரண்டு வருஷமா வருது.

மஹ்மூதாதானே நீ? போன்ல கேட்டா பெரிய ஆள் குரலா இருந்துச்சு, நேர்ல பாத்தா சின்னப் புள்ளையா இருக்கே. அப்படியே பல்கீஸ் அக்கா ஜாடை. அந்த மோவாய், அந்த முறைப்பு, எல்லாம் எங்கக்காதான். நான் உன் தாய்மாமன் சிக்கந்தர். மாமுன்னே கூப்பிடு. இங்க யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. சுத்தான்னு ஒரு பட்டம் வச்சிருக்காங்க. கல்யாணம் ஆன ஆம்பளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா மரியாதைக் குறைச்சலாம். பட்டம் மட்டும் தாராளமாக் குடுப்பாங்க. ஒரு சாண் நிலம் கேட்டுப் பாரு, அப்பத் தெரியும்.

நான் நிக்கிறேன், நீ உக்காரு. உக்காந்தா ரோடு தெரிய மாட்டேங்குது. காலையிலேருந்து இப்படித்தான். இந்தக் கடைக்கார அம்மா சிரிக்குது பாரு. நாலு தடவை ரோட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். பஸ் வராதோ, வந்தாலும் நீ வரமாட்டியோன்னுதான்.

மணி என்ன? பத்தரையா? சரி. மத்தியானம் லுகர் தொழுகை முடிஞ்ச உடனே ஆரம்பிச்சிருவாங்க. இன்னையோட என் பொஞ்சாதி அஸ்னி மவுத்தாகி நூறு நாள். அந்த வாசல்ல தேங்காய் துருவிட்டிருக்காங்களே, அதெல்லாம் அதுக்குத்தான். மாடு அறுத்திருக்கு. ரெண்டாங், அதான் தேங்காப்பால்ல வத்த விடற கறி, காலையிலேருந்து அடுப்புல கிடக்கு. உனக்கு ரெண்டாங் தெரியுமே, கோலாலம்பூர்ல இருக்கிறவ. ஆனா அங்க கிடைக்கிறதெல்லாம் ரெண்டாங் இல்ல. அதை விடு.

நான் போன்ல சொன்னது பாதிதான். மீதியை இப்பச் சொல்லிடறேன். கேட்டுட்டுக் கோபப்படக் கூடாது.

இந்த ஊர்ல எல்லாம் பொம்பளைக்கு. வீடு, வயல், வயலுக்கு நடுவுல இருக்கிற மீன் குளம், நெல்லு போட்டு வைக்கிற குச்சில், எல்லாம் அம்மாகிட்டேருந்து மகளுக்குப் போகும். ஆம்பளை கல்யாணம் பண்ணிக்கிட்டு ஒரு துணிமூட்டையோட பொண்டாட்டி வீட்டுக்கு வருவான். அவனுக்கு சுமாண்டோன்னு பேரு. வீட்டோட வந்த மாப்பிள்ளை. நல்லாக் கவனிப்பாங்க, சும்மா சொல்லக் கூடாது, முதல் தட்டு நமக்குத்தான். ஆனா பேச்சு வார்த்தைன்னு வந்தா நம்மை எவனும் கேக்க மாட்டான். பொண்டாட்டியோட அண்ணன், புள்ளைங்களுக்குத் தாய்மாமன், அவன்தான் பேசுவான். மாமாக்னு சொல்லுவாங்க. கோலாலம்பூர்ல மாமாக்னா நம்ம ரொட்டிக் கடைக்காரன், இங்க அவன்தான் வீட்டுக்கு ராஜா. எங்க வீட்டு மாமாக் பெரிய டத்தோ, மூணு வம்சத்துக்குத் தலைவர். என் மக எல்விக்கு மாப்பிள்ளை பாக்கிறப்ப அவருதான் கூட்டம் போட்டுப் பேசினாரு. நான் காப்பித் தட்டு தூக்கினேன். பெத்த அப்பன்.

சிரிக்காதே.

பொண்டாட்டி செத்துட்டா என்ன ஆகும் சொல்லு? நம்ம ஊர்ல புருஷன் செத்தா பொம்பளை நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இத்தா இருப்பா. இங்க பொண்டாட்டி செத்தா ஆம்பளை நூறு நாள் காத்திருக்கணும். நூறாம் நாள் அவனோட தாய் வீட்டுப் பொம்பளைங்க வருவாங்க. அக்கா, தங்கச்சி, அக்கா மக, யாராவது. வெத்தலைப் பெட்டியைத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்து, செத்தவ வீட்டுப் பொம்பளைங்களுக்கு எதுத்தாப்ல உக்காருவாங்க. எங்க ஆளை இத்தனை நாள் வச்சிருந்தீங்க, இப்ப கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்னு கேப்பாங்க. இவங்க அவனோட துணிமணி, தலையணை, தொழுகைப் பாயி எல்லாத்தையும் கட்டிக் குடுத்து அனுப்புவாங்க. அழுதுகிட்டேதான் அனுப்புவாங்க. அவன் கௌரவமா தன் அக்கா வீட்டுக்குப் போயிருவான்.

கூட்டிட்டுப் போக ஆள் வரலைன்னா?

அதோ, வயலுக்கு அந்தாண்ட தகரக்கூரை தெரியுதே, அது சூராவ். தொழுகைக் கூடம். ஆள் இல்லாதவனுக்கு அதுதான் இடம். அஸ்னி போன மறுவாரத்துலேருந்து நான் அங்கதான் படுக்கிறேன். மூணு கிழவனுங்க இருக்கானுங்க. ஒருத்தன் இருமுறான், ஒருத்தன் தனக்குத்தானே பேசிக்கிறான், மூணாமவன் வாயே திறக்கறதில்ல. அவனைப் பாத்தாத்தான் எனக்கு பயமா இருக்கு. இருபது வருஷம் முன்னாடி அவனையும் யாரும் கூட்டிட்டுப் போக வரல. அப்படியே உக்காந்தவன் இன்னும் உக்காந்திருக்கான்.

வீட்டுல ஏன் இருக்கக் கூடாதுன்னு கேக்கிற. எல்வியும் அதைத்தான் சொல்றா. இருங்கப்பா, யார் கேக்கப் போறான்னு சொல்றா. அவ சொல்லுவா, மக. ஆனா அந்த வீட்டுல அவ புருஷன் இருக்கான், அவனும் என்னை மாதிரி மூட்டையோட வந்தவன். பொம்பளைங்க வீட்டுல வந்த மாப்பிள்ளை ரெண்டு பேர் எதுக்கு? எந்த அறையில படுப்பேன்? அறையெல்லாம் கல்யாணமான பொண்ணுங்களுக்கு. கூடத்துல படுத்தா வர்றவன் போறவனெல்லாம் என் காலைத் தாண்டிட்டுப் போவான். நான் கட்டின வீடும்மா அது. செங்கல்லும் சிமிண்டுமா நிக்குதே அந்த வீடு, அதுல ஒவ்வொரு கல்லும் நான் வாங்கினது. பின்னால லவங்கப்பட்டை மரம் அறுபது இருக்கு, நான் வச்சது. ஒரு சட்டை மாட்ட எனக்கு ஆணி இல்ல.

கொஞ்சம் இரு, ரோட்டைப் பாத்துட்டு வர்றேன்.

யாரும் வரல. டத்தோ வர்றதுக்கு முன்னாடி நாம பேசி முடிச்சிரணும்.

என் மேலயும் தப்பு இருக்கு, ஒத்துக்கறேன். நான் அபிராமத்துலேருந்து பினாங்குக்குப் போனப்ப இருபத்திரண்டு வயசு. சோத்துக் கடையில மேசை துடைச்சேன். பக்கத்துக் கடையில அஸ்னி சோறு வித்துட்டிருந்தா. அவ கைக்கு அப்படி ஒரு ருசி, அப்படி ஒரு வாய். அங்கேயே நிக்காஹ் முடிஞ்சுது. மூணு வருஷம் கழிச்சு அவ அம்மா ஆளனுப்பிச்சா. ஒரே பொண்ணு, நிலத்தை யாரு பாக்கிறது, வந்து சேருன்னு. வந்தோம். வந்த அன்னைக்கு டத்தோ என்னை உக்கார வச்சுக் கேட்டாரு. நீ எந்த வம்சம், உன் அம்மா வீடு எங்கன்னு. கடல் தாண்டி இருக்குன்னேன். அப்ப அவரு நல்ல மனசோடதான் சொன்னாரு. இங்க பக்கத்து வம்சம் ஒண்ணு உன்னைப் புள்ளையா ஏத்துக்கும், ஒரு ஆடு அறுத்து ஊரைக் கூட்டிச் சொன்னாப் போதும், உனக்கு ஒரு அம்மா, நாலு அக்கா தங்கச்சி, போக ஒரு வீடு எல்லாம் கிடைச்சிரும்னு.

எனக்கு வந்துச்சே கோபம். நான் என்ன அநாதையா? எனக்குப் பெத்த அத்தா இல்லையா, வம்சம் இல்லையா? ஊரே கேக்கச் சொன்னேன். எனக்கு அக்கா இருக்கா, பல்கீஸ்னு பேரு, என்னை இடுப்புல தூக்கி வளத்தவ, எனக்கு ஒண்ணுன்னா கப்பலேறி வந்து கூட்டிட்டுப் போவான்னேன். அன்னைக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டதுதான்.

அதுக்கப்புறம் இந்தக் கடையில உக்காந்து அக்காவைப் பத்தி எவ்வளவு பேசியிருப்பேன். அவ சுடற ரொட்டி, அவ பாடுற தாலாட்டு, அவ பெரிய வீடு, வீட்டு முத்தத்துல இருக்கிற மாதுளை. இந்தக் கடைக்கார அம்மாவைக் கேளு, உங்கம்மா பேரைச் சொல்லும். பல்கீஸ், பல்கீஸ். பாத்தியா, திரும்பிப் பாக்குது. அஸ்னி கண்ணை மூடறதுக்கு முன்னாடி என்ன சொன்னா தெரியுமா? பரவால்ல, உங்களுக்கு அக்கா இருக்காங்க, நான் நிம்மதியாப் போறேன்னா.

அதான் உன்னைக் கூப்பிட்டேன். அக்காவால வர முடியாது, முட்டிவலி, சரி. நீ அக்கா மக. இந்த ஊர் முறைக்கு நீதான் என் சொந்த ரத்தம், என் புள்ளையை விட நீதான் எனக்கு நெருக்கம். இதோ மேசைக்குக் கீழ இருக்கு பாரு வெத்தலைப் பெட்டி. பித்தளை. அடுத்த ஊர்ல இரவல் வாங்கினேன், இங்க யாருக்கும் தெரியாது. இந்தப் பட்டுத் துண்டு உனக்கு, தோள்ல போட்டுக்கோ. நீ பெட்டியை எடுத்துட்டுப் போய் உக்காரணும். ஒரே ஒரு வரி சொல்லணும். எங்க ஆளைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம், அவங்க அக்கா வீட்டுக்குன்னு. அதை அவங்க பாஷையில சொல்லித் தர்றேன், நாலு தடவை சொன்னா வந்துரும். மலாய் தெரிஞ்சவளுக்குப் பெரிய விஷயமில்ல. அப்புறம் நீ முன்னால நட, நான் மூட்டையோட பின்னால வர்றேன். அந்த ரோட்டு வளைவு தாண்டினாப் போதும். அதுக்கப்புறம் நீ உன் வேலைக்குப் போ. நான் பாடாங்ல ஏதாவது சோத்துக் கடையில இருந்துக்குவேன். உங்களுக்கு பாரமா வரமாட்டேன்.

குடிம்மா, காப்பி ஆறுது.

எந்த வீட்டுக்குன்னா? அக்கா வீட்டுக்குன்னுதான். ஆமா, இப்ப வாடகை வீடு, அது எனக்குத் தெரியும். ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. பரமக்குடியில வந்து யாரு பாக்கப் போறா?

பதினோரு வீடா?

பதினோரு வீடு மாறினீங்களா. அது எனக்குத் தெரியாது. ஊர்ல இருந்த எங்கண்ணன் எழுதவே இல்ல. ஒரு வீட்டுல கக்கூஸ் இல்லைன்னா... சரி, சரி. விடும்மா. மெதுவாப் பேசு, கடைக்கார அம்மா பாக்குது.

இங்க பாரு, அந்த அத்தா வீட்டு விஷயத்தை இப்ப எடுக்காதே. அது வேற. அது நம்ம ஊர் முறை. அத்தா சொன்னது உண்மைதான். நான் பினாங்குலேருந்து லீவுல வந்திருந்தேன், பக்கத்துலதான் நின்னேன். உங்கத்தா அப்பத்தான் மவுத்தாகியிருந்தாரு, நீ அக்கா வயித்துல இருந்தே. அத்தா என் கையைப் பிடிச்சு, வீடு பல்கீசுக்கு, நீங்க ஆம்பளைங்க எங்கயும் பொழைச்சுக்குவீங்கன்னாரு. சொன்னாரு. ஆனா எழுதலையே. எழுதாத வீட்டுக்கு அண்ணன் விலை பேசினாரு, நான் தூரத்துல இருந்தேன், பத்திரம் வந்துச்சு, கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் என் பங்கு. மூத்தவர் சொன்னா மறுத்துப் பேசற வழக்கம் நம்ம குடும்பத்துல இருந்ததா? அக்காவுக்கு ஒண்ணும் குடுக்காம விடல. தையல் மெஷின் வாங்கிக் குடுத்தோம். நல்ல மெஷின்.

நான் ஏன் நிக்கிறேன்னா கேக்கிற? உக்கார முடியல, அதான்.

இங்க உள்ள பொம்பளைங்களைப் பாத்துட்டு நீ பேசற. இங்க ஒரு பொம்பளையைக் கேட்டுப் பாரு, உன் அண்ணன் உன் வீட்டை வித்துட்டான்னு சொல்லிப் பாரு, அவளுக்குப் புரியவே புரியாது. அப்படி ஒரு காரியம் நடக்கும்னே தெரியாது அவங்களுக்கு. ஒரு தடவை மேல்வீதியில ஒருத்தன் அக்காவோட ஒரு பாத்தி வயலைக் கேக்காம அடமானம் வச்சான். ஊரே அவன்கிட்டப் பேச்சை நிறுத்திருச்சு. அவன் கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்தா பக்கத்துல உக்காந்தவன் தட்டோட எந்திரிச்சுப் போனான். நானும் எந்திரிச்சுப் போனேன். முறைன்னா முறைதானே.

என்ன அது? பையிலேருந்து என்ன எடுக்கிற?

இது... இது நான் அண்ணனுக்கு எழுதின கடுதாசியாச்சே, எங்கருந்து கிடைச்சுது உனக்கு?

அண்ணனா குடுத்தாரு? எப்ப? ரெண்டு வருஷம் முன்னாடி, ஆஸ்பத்திரியில. அவரு கடைசியில எல்லாத்தையும் அக்கா கையில குடுத்துட்டுப் போயிட்டாரா. தலையணைக்கு அடியிலயே வச்சிருந்தாரா இத்தனை வருஷமா. கண்ணாடி போடாமப் படிக்க முடியல எனக்கு. வேணாம், நீ படிக்காதே. என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும். என் எழுத்துதான். அந்த வளைஞ்ச 'ழ'வைப் பாத்தாலே தெரியுதே.

கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

வீட்டை விக்க மாட்டேன்னுதாம்மா அண்ணன் சொன்னாரு. ரெண்டு தடவை எழுதினாரு, அத்தா வார்த்தை இருக்குடான்னு. நான்தான் விடல. எனக்கு இங்க மூச்சு முட்டுச்சு. மூணு வருஷமா மரவீட்டு மூலையில, மாமியாளோட இருமலுக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவுல. ஊர்ல ஒரு சுமாண்டோ செங்கல் வீடு கட்டினான், எல்லாரும் அவனைத் தலைவா தலைவான்னாங்க. எனக்கும் ஆசை வந்துச்சு. வீடு கட்டிட்டா என்னையும் ஒரு ஆளா மதிப்பாங்கன்னு. டத்தோ முன்னாடியே சொன்னாரு, கட்டு, ஆனா நிலம் வம்சத்துது, வீடு உன் பொண்ணுங்களுக்குத்தான் போகும், அப்புறம் என் மேல வருத்தப்படாதேன்னு. தெரிஞ்சேதான் கட்டினேன். கையில ஒண்ணும் இல்ல. பினாங்குல சேத்ததுன்னு ஊர்ல சொன்னேன். அஸ்னிகிட்டயும் அதையேதான் சொன்னேன். அவ சாகற வரைக்கும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தா.

ஆமா. அந்த வீடுதான். எதுத்தாப்ல நிக்குதே. அது உங்கம்மா வீடு.

இப்ப என்ன பண்ணணுங்கிற? பணமா கேக்கிறா அக்கா? என்கிட்ட என்ன இருக்கு, அந்தத் தலையணைதான் இருக்கு. வேணாமா? அப்புறம் என்னதான் சொல்லி அனுப்பிச்சா?

மறுபடி சொல்லு.

"கூட்டிட்டு வா, எங்க வீட்டுலயே படுக்கட்டும், இருக்கிற சோத்தைத் திங்கட்டும். ஆனா அவனைக் கூட்டிட்டுப் போக நீ கேக்கறதுக்கு முன்னாடி, அந்த வீடு எங்கருந்து வந்துச்சுன்னு அங்க இருக்கிற பொம்பளைங்ககிட்ட அவன் வாயால சொல்லட்டும்."

அப்படியா சொன்னா. வளைவு வரைக்கும் இல்லாம நிஜமாவே வரச் சொல்றாளா? அந்த ஒரு அறையில?

யா அல்லா.

மஹ்மூதா, நான் சொல்றதைக் கேளு. நான் திட்டு வாங்கிக்கறேன். அக்கா கால்ல விழறேன். பரமக்குடியில நடுரோட்டுல சொல்லச் சொல்லு, சொல்றேன், அங்க எவனுக்கும் அது பெரிசில்ல. இங்க முடியாதும்மா. இங்க அதைச் சொன்னா நான் மனுஷனே இல்ல. நான் போகட்டும், எல்வி? அவ அந்த வீட்டுலதான் பொறந்தா. அவ புள்ளை அந்தத் தரையிலதான் தவழுது. இன்னொரு பொம்பளையோட வீட்டை வித்துக் கட்டினதுன்னு தெரிஞ்சா அவ எப்படி அதுல அடுப்பு மூட்டுவா? டத்தோ எப்படித் தலை நிமிந்து உக்காருவாரு? நீ படிச்ச புள்ள, உனக்குப் புரியணும். நீ சும்மா பெட்டியோட வந்து அந்த ஒரு வரியைச் சொல்லிட்டா எல்லாம் சுமுகமா முடிஞ்சிரும். அக்காகிட்ட நான் சொல்லிட்டேன்னு சொல்லிரு. அவளுக்கு எப்படித் தெரியப் போவுது?

எனக்குத் தெரியும்ங்கிற.

உனக்குத் தெரியும். சரிதான். மூணு வயசுல உன்னையும் பாய் தலகாணியையும் ஒரே மாட்டு வண்டியில ஏத்தி இறக்கினாங்களாம், அண்ணன் எழுதியிருந்தாரு. நான் அந்தக் கடுதாசியைப் படிச்சுட்டு ஜன்னலுக்கு எந்த மரம் போடலாம்னு ஆசாரியோட பேசப் போயிட்டேன்.

போகாதே, போகாதே. பையைக் கீழ வையி. அடுத்த பஸ் பன்னெண்டுக்குத்தான். நீ போயிட்டா எனக்கு அந்தத் தகரக்கூரைதான். அதுல நாலாவது ஆள் நான். நான் யோசிக்கிறேன். யோசிக்க விடு.

அய்யோ, எல்வி வர்றா. உன்னைப் பாத்துட்டா. கையெல்லாம் மஞ்சளோட வர்றா பாரு. அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நான் கத்துக் குடுக்கல. சிரிக்கிறா. பல்கீஸ் அத்தை மகளா நீங்க, எங்கப்பா சொன்ன மாதிரியே வந்துட்டீங்களேன்னு கேக்கிறா. கடைக்கார அம்மாகிட்டச் சொல்றா, பாத்தீங்களா, எங்கப்பாவுக்கு ஆள் இல்லைன்னு பேசினீங்களே, கடல் தாண்டி வந்துட்டாங்க பாருங்கன்னு. அவ கண்ணு கலங்குது. நூறு நாளா இந்தப் புள்ளையும் ரோட்டைத்தான் பாத்துட்டிருந்திருக்கா, எனக்கு அது தெரியல.

இப்படிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறவகிட்ட எப்படிம்மா சொல்றது?

நீ என் மூஞ்சியையே பாத்துக்கோ. நான் அவ பாஷையில சொல்லப் போறேன். உனக்குப் பாதி புரியும். நான் எங்கயாவது அண்ணன் பேரை இழுத்தேன்னா மேசையைத் தட்டு.

சொல்லிட்டேன்.

நீ தட்டல. தட்ட வேண்டிய அவசியம் வரல, இல்லையா? நான்தான்னு சொன்னேன். என் அக்கா குடியிருந்த வீட்டை, சின்னப் புள்ளையோட இருந்தவளை எழுப்பிட்டு, நான்தான் விக்கச் சொன்னேன், அந்தக் காசுலதான் நீ பொறந்த வீட்டைக் கட்டினேன்னு சொன்னேன். கடைக்கார அம்மா காப்பி வடிகட்டறதை நிறுத்திட்டுச்சு பாரு. லுகருக்குள்ள ஊர் பூராவும் தெரிஞ்சிரும். தெரியட்டும்.

எல்வி அந்த வீட்டையே திரும்பிப் பாக்கிறா.

கேக்கிறா. அந்த அத்தை உயிரோட இருக்காங்களான்னு கேக்கிறா. இருக்காங்கன்னேன். அதுக்கப்புறம் எங்க இருந்தாங்கன்னு கேக்கிறா. பதினோரு வீடுன்னேன். உன்னையே பாக்கிறா. எங்கம்மாவுக்குத் தெரியுமான்னு கேக்கிறா. தெரியாதுன்னேன். நல்லவேளைங்கிறா. என்னைப் பாத்து இல்ல, தரையைப் பாத்துச் சொல்றா. அடிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

மேசைக்குக் கீழ இருக்கிற பெட்டியைக் கேக்கிறா. குடும்மா. இல்ல, தூக்கியெறியப் போறதில்ல. மெதுவா மேசை மேல வச்சுட்டா. என்னமோ சொல்றா, இரு, சரியாக் கேட்டுச் சொல்றேன்.

இந்தப் பெட்டியோட நீ வரக் கூடாதாம். பெட்டியோட வர்றவ எதுத்த பக்கத்து ஆளு, விருந்தாளி. அந்த வீடு உங்கம்மா வீட்டுலேருந்து வந்துதுன்னா, உங்கம்மா வீடு உனக்கு. அதனால நீ இந்தப் பக்கம் உக்காரணுமாம். அவளுக்குப் பக்கத்துல, வீட்டுப் பொம்பளைங்களோட. டத்தோகிட்ட அவளே சொல்றாளாம், எங்கம்மா வழியில நான், எங்க அத்தை வழியில இவ, ரெண்டு பேருக்கும் இதுல அடுப்பு மூட்ட உரிமை இருக்குன்னு. அடுத்த மாசம் அத்தையைக் கூட்டிட்டு வரணுமாம், முட்டிவலிக்கு இங்க ஒரு எண்ணெய் இருக்காம். நடு அறை காலியா இருக்காம். அஸ்னி இருந்த அறை.

டத்தோ ஒத்துக்குவாரான்னு நான் கேட்டேன். அது பொம்பளைங்க விஷயம், நீங்க சும்மா இருங்கங்கிறா.

அப்ப என்னைக் கூட்டிட்டுப் போறது யாருன்னு கேட்டேன். இவளும் அந்தப் பக்கம் உக்காந்துட்டா எனக்காகக் கேக்க யாரு இருக்கான்னு கேட்டேன்.

அதுக்கு அவ உன் பக்கம் திரும்பிட்டா.

உன் கையைப் பிடிச்சிட்டா. மஞ்சள் ஒட்டுது, அவ சட்டையே பண்ணல. போம்மா, உன்னைத்தான் கூப்பிடறா. நீ எதுக்கு என்னைத் திரும்பிப் பாக்கிற? நாலு பேரு வாசல்ல எந்திரிச்சு நின்னு உன்னையே பாக்கிறாங்க பாரு. செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழேயே கழட்டிட்டு, வலதுகாலை வச்சு ஏறு. இல்ல, அது விருந்தாளிக்கு. நீ எந்தக் காலை வேணாலும் வையி.

நான் இங்கதான் இருப்பேன். எனக்குக் கோபம் இல்ல, வெக்கமா இருக்கு, அவ்வளவுதான். எல்வி, நான் எப்ப வரட்டும்னு கேட்டா, இருங்கப்பா, நாங்க பேசி முடிச்சிட்டுச் சொல்றோம்னு சொல்லிட்டுப் போறா. சரின்னேன். நீங்க பேசுங்கம்மா. கூப்பிட்டா வர்றேன்.